செடிச் சங்கிலி: புதிதாக ஆட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாடித்தோட்டம் போடும் நாங்கள் இருபது பேர், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போனில் ஆடுகிற ஆட்டம் இது. ஒருவர் ஒரு செடியின் பெயரைச் சொல்வார். அது முடிகிற எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் இன்னொரு செடியைச் சொல்ல வேண்டும். கேட்கும்போது குழந்தை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் புதிதாக வருகிற எல்லோரும் மூன்றாவது சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். நடுவர் வேலை என் தலையில் விழுந்து ரொம்ப நாளாகிவிட்டதால், பதில்களை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். சண்டை மிச்சம்.

இது அந்தாக்ஷரிதானே? பாட்டுக்குப் பதில் செடி, அவ்வளவுதானே?

கிட்டத்தட்ட. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் பாட்டில் தப்பித்துக்கொள்ள வழி நிறைய. சினிமாப் பாட்டு ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. எந்த எழுத்து வந்தாலும் ஏதாவது ஒரு பல்லவி கை கொடுக்கும். செடி அப்படியில்லை. வீட்டில் இருக்கிற தொட்டி, ஊரில் பார்த்த வேலி, பாட்டி சொன்ன மூலிகை, இவ்வளவுதான் நம் கையிருப்பு.

தமிழுக்கு இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. அந்தம் ஆதியாவதுதான் அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லிலோ எழுத்திலோ அடுத்த பாட்டு தொடங்கும். காரைக்கால் அம்மையாரும் பொய்கையாழ்வாரும் அப்படிப் பாடியிருக்கிறார்கள். நாங்கள் அதைக் கத்தரிக்காய் அளவுக்குச் சுருக்கியிருக்கிறோம்.

கடைசி எழுத்து என்றால் எது? ‘வேம்பு’ என்றால் பு-வா, உ-வா?

பு. சொல் உயிர்மெய்யில் முடிந்தால் அந்த எழுத்தையே எடுக்க வேண்டும். வேம்பு என்றால் அடுத்து புன்னை, புடலை, புதினா. மெய்யில் முடிந்தால் அந்த மெய்யின் வரிசை முழுவதும் திறந்திருக்கும். வில்வம் ‘ம்’-இல் முடிகிறது. ஆகவே மல்லிகை, மா, மிளகாய், முருங்கை எதுவும் சரி.

இலக்கணம் படித்தவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். வேம்பு என்பது ப்+உ, ஆகவே அதன் ஈறு உயிர்தானே என்பார்கள். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் அப்படி ஆடினால் தமிழ்ச் சொற்களில் பெரும்பங்கு அ, இ, உ, ஐ என்ற நாலைந்து உயிர்களுக்குள் வந்து விழுந்துவிடும். ஒரு வாரத்தில் அலுத்துப்போகும். ஆடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த விதியைத் தூக்கிப் போடவில்லை, ஆபத்துக்கு உதவட்டும் என்று ஓரமாக வைத்திருக்கிறோம். கீழே வரும்.

நான் ‘வெண்டை’ என்றேன், எதிராளிக்கு ‘டை’ கிடைத்தது. டை-யில் எந்தச் செடி தொடங்கும்? ஆட்டம் முடிந்துவிட்டதா?

எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தமிழில் எழுத்து 247 என்றாலும் சொல்லுக்கு முதலில் வர எல்லா எழுத்துக்கும் அனுமதி கிடையாது. நன்னூல் கணக்குப்படி 103 எழுத்துகள்தான் மொழிக்கு முதலில் வரும். சொல்லின் கடைசியில் நிற்பவையோ வேறு கூட்டம். ண், ல், ழ், ள், ன் எல்லாம் வாலில் சொகுசாக உட்கார்ந்திருக்கும், தலைக்கு வராது. ‘வாழை’ என்று ஒருவர் சொன்னால் ‘ழை’-யில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது?

ஜப்பான்காரர்களுக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை உண்டு. அவர்கள் ஆடுகிற சொல் சங்கிலிக்கு ஷிரிட்டோரி என்று பெயர். வாலைப் பிடிப்பது என்று பொருள். அவர்கள் மொழியில் ‘ன்’ ஒலிக்குத் தனி எழுத்து உண்டு. அதில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் ‘ன்’-இல் முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார் என்று விதி வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு எழுத்துதான் தொல்லை, கட்டுப்படியாகும். நாம் அந்த விதியை எடுத்துக்கொண்டால் வாழை, தென்னை, மஞ்சள், துளசி வரைக்கும் ஆபத்து. துளசிக்கு மட்டும் ‘சி’ இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். மற்றவர்கள் காலி.

நமக்கு வழி காட்டியது ஔவையார். ஆத்திசூடியில் உயிர் வரிசை முடிந்து மெய் வரிசைக்கு வருகிற இடத்தை எடுத்துப் பாருங்கள். க, ங, ச, ஞ வரைக்கும் நேராகவே போகிறது. ‘ஙப்போல் வளை’ என்று ங-வைக்கூட எழுத்தின் வடிவத்தை வைத்துச் சமாளித்துவிட்டார். அப்புறம் ‘ட’ வருகிறது. டகரத்தில் தமிழ்ச் சொல் கிடையாது. என்ன செய்தார்? ‘இடம்பட வீடு எடேல்’. ‘ட’ இரண்டாம் எழுத்தாக நிற்கிறது. ண-வுக்கு இணக்கம், ய-வுக்கு இயல்பு, ர-வுக்கு அரவம், ல-வுக்கு இலவம், ழ-வுக்கு அழகு, ள-வுக்கு இளமை, ற-வுக்கு அறன், ன-வுக்கு அனந்தல். பதினெட்டு மெய்யில் ஒன்பதை நேராகவும் ஒன்பதை இப்படி இரண்டாம் இடத்திலும் வைத்துப் பாடி முடித்திருக்கிறார்.

எங்கள் விதியும் அதேதான். ட, ண, ய, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய ஒன்பது வரிசையில் எது வந்தாலும், அந்த எழுத்து இரண்டாவதாக நிற்கும் செடியைச் சொல்லலாம். நாங்கள் இதை ‘ஔவை விதி’ என்கிறோம். உங்கள் எதிராளிக்கு ‘டை’ வந்ததா? குடைமிளகாய். முடிந்தது.

ஒரு சங்கிலியை முழுதாகக் காட்ட முடியுமா?

வெண்டையிலேயே தொடங்குவோம்.

வெண்டை → குடைமிளகாய் → கொய்யா → கையாந்தகரை → அரைக்கீரை → சுரை → ஐவிரலி → கலியாண முருங்கை

குடைமிளகாய் ‘ய்’-இல் முடிகிறது. கொய்யாவில் ‘ய்’ இரண்டாம் எழுத்து. கொய்யாவின் ‘யா’, கையாந்தகரையில் இரண்டாவதாக நிற்கிறது. (கரிசலாங்கண்ணிக்கு இன்னொரு பெயர்தான் கையாந்தகரை. பாட்டிமார் உள்ள வீடுகளுக்குத் தெரிந்திருக்கும்.) ‘ரை’-க்கு அரைக்கீரை. அதுவும் ‘ரை’-யில் முடிய, அடுத்தவர் சுரை என்றார். அதுவும் ‘ரை’. அதற்கு மேல் ஒன்று நடந்தது. அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஒருவர் வேண்டுமென்றே ‘ரை’, ‘ழை’ என்று முடித்து மாட்டிவிடுகிறார். இது நியாயமா?

நியாயம்தான். ஆட்டத்தின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பொழுதுபோக்குக்காரருக்கும் ஒரு பொறி எழுத்து உண்டு. சமையல்காரர்கள் ஆடினால் ‘டை’ அவர்களுக்குப் பொறி: வடை, அடை என்று ஆரம்பித்தால் தெரியும். தோட்டக்காரர்களுக்கு ‘ரை’. அவரை, துவரை, தாமரை, கீரை வகை மொத்தமும் ‘ரை’-யில் முடியும். ஆனால் ‘ரை’ இரண்டாவதாக வரும் செடி கைவிரலில் எண்ணுகிற அளவுதான். ‘ழை’ அதைவிட மோசம். வாழை என்றால் தாழை, தாழை என்றால் கழை, மூன்றும் ‘ழை’-யிலேயே சுற்றும். கழை என்றால் மூங்கில். சங்க இலக்கியச் சொல் என்று ஒப்புக்கொண்டோம்.

புன்னையும் இப்படித்தான். புன்னை → பனை → தினை என்று ‘னை’ விடாமல் துரத்தும். ஒருவர் யானை நெருஞ்சிலைக் கொண்டுவந்து போட்டு மீட்டார். அன்றைக்கு அவருக்குக் கைதட்டல்.

ஆனால் ஒரே எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வந்துவிட்டால் நாலாவது ஆளுக்கு இரக்கம் காட்டுகிறோம். இங்கேதான் ஓரமாக வைத்திருந்த அந்த இலக்கண விதி வெளியே வரும். ‘ரை’ வேண்டாம், அதன் ஈற்றுயிர் ‘ஐ’ போதும். சுரைக்கு அடுத்து ஐவிரலி வந்தது அப்படித்தான். வேலியில் படர்ந்து, சிவப்புக் கோலிக்குண்டு மேல் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி காய்க்குமே, அந்தக் கொடி. ஐவனம் என்ற மலைநெல்லும் இதற்கு உதவும். அவ்வளவுதான், ‘ஐ’ கையிருப்பு அதோடு தீர்ந்தது.

பாகல் என்று சொல்லலாமா, பாகற்காய் என்று சொல்லலாமா?

பாகல். காய், பழம், பூ, செடி, கொடி, மரம் ஆகியவற்றை வாலில் ஒட்டக் கூடாது. ஒட்டவிட்டால் எந்தச் சொல்லையும் ‘ய்’ அல்லது ‘ம்’ என்று நினைத்தபடி முடித்துக்கொண்டே போகலாம். ஒட்டைப் பிரித்தால் பொருள் கெடுமென்றால் மட்டும் அனுமதி. குடைமிளகாயில் ‘காய்’ பிரியாது. அரைக்கீரையில் கீரையை எடுத்துவிட்டால் ‘அரை’-யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் ஊரில் வேறு பெயர். அதைச் சொன்னால் ஏற்பீர்களா?

தாராளமாக. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்த ஆட்டத்தில் பிடித்ததே இதுதான்.

ஒரு நாள் ‘வெட்டிவேர்’ என்று வந்தது. ‘ர்’-க்குக் கோயம்புத்தூர் அக்கா ஒருவர் ‘அரசாணி’ என்று போட்டார். சென்னைத் தம்பி உடனே, “அக்கா, அது கல்யாணத்துல நடுற கால் இல்லையா? செடி இல்லையே” என்றான். அவன் நினைத்தது மணவறையில் நடுகிற அரசாணிக்காலை. அக்கா எதுவும் எழுதவில்லை. ரெண்டு நிமிஷம் கழித்து ஒரு படம் வந்தது. சமையல் மேடையில், அரிவாள்மனைக்குப் பக்கத்தில், பாதியாக அரிந்த மஞ்சள் பூசணி. விதையெல்லாம் அப்படியே இருந்தது. கீழே ஒரு வரி: “நாளைக்குப் பொரியல் வெக்கறேன், வந்து சாப்புட்டுட்டு சொல்லுங்க கண்ணு.” கொங்குப் பக்கம் பரங்கிக்காய்க்கு அரசாணிக்காய் என்றுதான் பெயர். ஒரு புள்ளி அக்காவுக்கு.

அதே மாதிரி வேர்க்கடலையைக் கடலூர், விழுப்புரம் பக்கம் மல்லாட்டை என்பார்கள், இலங்கையில் கச்சான். மரவள்ளிக்குக் குமரிப் பக்கம் மரச்சீனி, சேலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு. பப்பாளி இலங்கையில் பப்பாசி. கொத்தவரையைத் தென்மாவட்டங்களில் சீனியவரை என்பார்கள். மணத்தக்காளிக்கு அங்கே மிளகுதக்காளி.

ஒரே செடியை ரெண்டு பெயரில் ரெண்டு முறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம். புள்ளி சொல்லுக்குத்தான், செடிக்கு இல்லை. சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. நான் நடுவராக இருக்கும்வரை இதுதான்.

கறிவேப்பிலையா, கருவேப்பிலையா?

அகராதிப்படி கறிவேப்பிலை. பேச்சில் ரெண்டும் உண்டு. ஒருவர் ‘றி’ வந்தபோது கறிவேப்பிலை, ‘ரு’ வந்தபோது கருவேப்பிலை என்று ஒரே இரவில் ரெண்டையும் விற்றுவிட்டார். அன்றிலிருந்து ஒரு ஆட்டத்துக்கு ஒரு எழுத்துக்கூட்டல்தான். மேலே சொன்ன ஊர்ப் பெயர் சலுகை எழுத்துப் பிழைக்குக் கிடையாது. மணத்தக்காளியை ‘மணித்தக்காளி’ என்று எழுதி ‘ணி’-க்குப் போடுவதும் இதில் சேரும். கேட்டால் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம் என்பார்கள். ‘ணி’ வராத நாட்களில் அவர்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, தினை. சிறுதானியக் கடைப் பொட்டலங்களில் அடிக்கடி ‘திணை’ என்று அச்சடித்திருக்கும். திணை என்றால் குறிஞ்சி, முல்லை. அதைப் பொங்கல் வைக்க முடியாது.

‘ன’ வந்தால் ‘ந’ சொல்லக் கூடாதா? ஒலி ஒன்றுதானே?

நேரில் உட்கார்ந்து வாயால் ஆடும்போது சொல்லலாம், காதுக்கு வித்தியாசம் பிடிபடாது. எழுதி ஆடும்போது கூடாது.

ரோஜா, லவங்கம், டிசம்பர் பூ எல்லாம் ர, ல, ட-வில் தொடங்குகிறதே? அவற்றுக்கும் ஔவை விதியா?

வேண்டாம், நேராகவே சொல்லுங்கள். ஔவையார் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய ர, ல வரிசையைப் பாரதியார் தன் புதிய ஆத்திசூடியில் முதலிடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ரௌத்திரம் பழகு என்றது அந்த வரிசையில்தான். வடசொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார், சங்கடப்படவில்லை. ஆக நமக்கு ரெண்டு கதவு. ‘ரோ’ வந்தால் ரோஜா என்று பாரதி வழியில் போகலாம். ‘ல்’ வந்தால் லவங்கம் என்றும் போகலாம், எலுமிச்சை என்று ஔவை வழியிலும் போகலாம். டிசம்பர் பூவில் மட்டும் பூவைப் பிரிக்க முடியாது, பிரித்தால் மாதம்.

எங்களோடு ஆடுகிற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்குக் கூடுதலாக இன்னொரு கதவும் உண்டு. அங்கே ஆங்கில ‘ர’ ஒலியை றகரத்தில் எழுதுவது வழக்கம்: றோட்டு, றேடியோ, றப்பர். ஆகவே றம்புட்டானும் உண்டு. சொல்லுக்கு முதலில் றகரமா என்று நன்னூலார் மயங்கி விழுவார். ஆனால் ‘ற’ என்று முடிகிற செடி எதுவும் யாருக்கும் தோன்றாததால், பாவம் நண்பர் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இலக்கியத்தில் மட்டும் படித்த செடியைச் சொல்லலாமா?

சொல்லலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று போகும். அந்தப் பட்டியலைப் பாதி மனப்பாடம் செய்தவரைத் தோற்கடிப்பது கஷ்டம். ‘ஞா’ என்று எப்போதாவது வந்தால் ஞாழல் என்று சொல்ல அவரால்தான் முடியும். அனிச்சத்தை இன்றைக்கு எந்தச் செடி என்று ஆளுக்கொன்றாகக் காட்டுகிறார்கள்; திருவள்ளுவர் நாலு குறளில் சொல்லியிருக்கிறார், எங்களுக்கு அது போதும்.

வைக்கோல் செடியா என்று ஒருமுறை பெரிய வழக்கு நடந்தது. ‘வை’ வந்து மாட்டிக்கொண்டவர் போட்டது. நெல்லின் தாள்தானே என்றார். மாடு ஒப்புக்கொள்ளலாம், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அகராதியைப் புரட்டலாமா?

ஆடும்போது கூடாது. வழக்கு வந்தால் தீர்ப்புக்குப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இருந்தால் ஏற்பு. அதில் இல்லாவிட்டாலும், ஊர்ப்பெயர் என்றால் இன்னொருவர் ‘ஆமாம், எங்கள் ஊரிலும் சொல்வோம்’ என்றால் ஏற்பு. நேரம் ரெண்டு நிமிஷம்.

இதே குழுவில் வேறு சொல்லாட்டம் உண்டா?

மழைக்காலத்தில், தோட்ட வேலை குறைவாக இருக்கும்போது, எழுத்து மாற்றி ஆடுவோம். ஆங்கிலத்தில் இதை லூயிஸ் கரோல் 1877-இல் உண்டாக்கினார். ஒரு சொல்லில் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எழுத்தை மாற்றி இன்னொரு சொல்லுக்குப் போக வேண்டும். நடுவில் வருவதெல்லாம் பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ஐந்தாறு படி ஏற வேண்டியிருக்கும். தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்து என்பதால் சட்டென்று முடிந்துவிடும். கல்லை மண்ணாக்க ரெண்டே படி: கல், கண், மண். பாலை மோராக்கவும் அப்படியே: பால், பார், மோர். உறை ஊற்றவே வேண்டாம்.

ஆட்டம் எப்போது முடியும்?

பெரும்பாலும் யாராவது தூங்கிப்போகும்போது. முறைப்படி முடிக்க ஒரு வழி உண்டு: தொடங்கிய சொல்லுக்கே சங்கிலி திரும்பி வர வேண்டும். அந்தாதியில் இதை மண்டலித்தல் என்பார்கள். அபிராமி அந்தாதியின் முதல் பாட்டு ‘உதிக்கின்ற’ என்று தொடங்கும், நூறாவது பாட்டு ‘உதிக்கின்றனவே’ என்று போய் முடியும். நடுவில் நூறு பாட்டும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

எங்களுக்கு அது எப்போதாவதுதான் அமைகிறது. ம-வில் தொடங்கினால் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ‘ம்’-இல் முடியும் பெயர்கள் ஏராளம். போன மாதம் ஒரு ராத்திரி மருதாணியில் தொடங்கினோம். பதினோரு மணிக்கு மேல் மூன்று பேர்தான் மிச்சம். மிளகு என்று நான் போட்டேன். குப்பைமேனி என்று கோயம்புத்தூர் அக்கா. ‘னி’-க்கு யாழ்ப்பாணத்து நண்பர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ரெண்டு நிமிஷம் முடிய சில நொடி இருக்கும்போது ‘அனிச்சம்’ என்று வந்தது. நான் முருங்கையா மாதுளையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா, “தம்பி, மருதாணின்னு போட்டு மூடுங்க, எனக்குக் காலைல தண்ணி பாய்ச்சணும்” என்று எழுதினார். போட்டு மூடினேன்.